மேல்சித்தாமூருக்குப் போன கரிக்கார்

தோசை வார்க்கத் தெரிந்தவனைவிட, தோசையைப் பற்றி அடித்துப் பேசத் தெரிந்தவனுக்குத்தான் நம் வீடுகளில் மரியாதை. இந்த உண்மையை இருபத்திரண்டு வயதிலேயே கண்டுபிடித்து, அதை வைத்தே கொஞ்ச காலம் சௌகரியமாக வண்டி ஓட்டியவன் நான். தோசை விஷயத்தில் அல்ல, மோட்டார் விஷயத்தில்.

பட்டணத்தில் இண்டர்மீடியட் படித்தபோது (இரண்டு முறை படித்தேன், அவ்வளவு ஆர்வம்) நான் தங்கியிருந்த அறைக்குக் கீழே ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப் இருந்தது. பகலெல்லாம் சுத்தியல் சத்தம். அந்தச் சத்தத்தைத் தவிர மோட்டாரைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் செஞ்சிக்குத் திரும்பி வந்த பிறகு கடைத்தெருவில் எந்த வண்டி போனாலும் காதைச் சாய்த்துக் கேட்டு, "வால்வுல கோளாறு" என்பேன். வால்வு என்றால் என்னவென்று நல்ல வேளையாக யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே திண்டிவனம் போய் ரயில் ஏறியிருப்பேன்.

நாங்கள் ஜைனர்கள், ஊரில் எங்கள் ஆண்களையெல்லாம் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, செஞ்சியில் மல்லாட்டை மண்டி (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது). வீட்டில் நைனா, அம்மா, புருஷனை இழந்து எங்களோடு வந்துவிட்ட ஜெயமதி அத்தை, அப்புறம் நான். எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். நானோ பார்த்தே முடித்திருந்தேன். மேல்சித்தாமூர் தேர்த் திருவிழாவில் அப்பாண்டை நயினாரின் சின்ன மகள் மருதேவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். (சிரித்தது என்னைப் பார்த்து அல்ல, எனக்குப் பின்னால் பலூன் வெடித்து அழுதுகொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்து என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.) அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா புரிந்துகொண்டு நைனாவிடம் சொல்ல, நைனா மேல்சித்தாமூருக்கு ஆள் அனுப்பினார்.

வந்த பதிலில்தான் வம்பு இருந்தது. அப்பாண்டை நயினாரின் பெரிய மகளை அனந்தபுரம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும்போது மாட்டு வண்டி ஓடையில் கவிழ்ந்து வலது கை ஒடிந்து, கோணலாகவே கூடிவிட்டது. அந்த மனுஷருக்கு அது ஆறாத குறை. "செஞ்சிக்கும் எங்க ஊருக்கும் நடுவுல எத்தனை பள்ளம், எத்தனை ஓடை! மாட்டு வண்டிய நம்பி இன்னொரு பொண்ண அனுப்ப மாட்டேன். பத்திரமான மோட்டார் இருக்கிற வீட்டுக்குத்தான் மருதேவியக் குடுப்பேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். போதாக்குறைக்கு, திண்டிவனத்தில் ஒருவன் சொந்தக் காரோடு தயாராக இருக்கிறான் என்ற செய்தியும் கூடவே வந்தது. அந்தத் திண்டிவனத்தானை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனாலும் அவனைப் பிடிக்காது.

நைனா என்னைக் கூப்பிட்டார்.

"நேமி, தெருவுல போற வண்டிக்கெல்லாம் நாடி புடிச்சுப் பாக்கறியே, நமக்கு ஒண்ணு பாரு. குடும்பத்தோட குந்திப் போற வண்டியா இருக்கணும். பத்திரமா இருக்கணும். எல்லா வசதியும் இருக்கணும். அதுக்காக மண்டிய வித்துட்டு வாங்கற மாதிரியும் இருக்கக் கூடாது."

"அது இன்னா பெரிய விஷயம் நைனா" என்றேன். அந்த நேரத்தில் என் வாயை யாராவது பொத்தியிருக்க வேண்டும்.

அப்போது யுத்த காலம். புது வண்டி கண்ணுக்கே கிடைக்காது. பெட்ரோலுக்குக் கூப்பன். யாராவது ஊரைவிட்டுப் போனால் அவர்களுடைய பழைய வண்டி விலைக்கு வரும், அவ்வளவுதான். அம்மாவும் அத்தையும், "நாங்க குந்தப் போற வண்டிய நாங்க பாக்க வேணாமா?" என்று கிளம்பிவிட்டார்கள். ஆகவே பெண் பார்க்கப் போகிற மாதிரி குடும்பமாகக் கார் பார்க்கப் போனோம்.

முதல் வண்டி புதுச்சேரியில், ஒரு பிரெஞ்சுக்கார வக்கீலுடையது. நீல நிறம், மேலே கூரையே கிடையாது. நான் சக்கரத்தை ஒரு உதை உதைத்தேன். (கார் வாங்கப் போகிறவன் சக்கரத்தை உதைக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். எதற்காக என்பது இன்றைக்கும் தெரியாது.) உதைத்துவிட்டு, "நல்லா இருக்குது" என்றேன்.

அத்தை அண்ணாந்து பார்த்தாள். "மேல ஒண்ணுமே இல்லியேடா."

"காத்தோட்டமா இருக்கும் அத்தை."

"காத்து மட்டுமா வரும்? காக்காயும் வரும்."

நைனாவுக்கு வேறு கவலை. அந்த வண்டியில் ஓட்டுகிற சக்கரம் இடது பக்கம் இருந்தது. "நம்ம ஊர்ல டிரைவர் குந்தற எடத்துல நான் குந்தியிருப்பேன். எதையாவது இடிச்சா ஜனங்க என்னத்தான் இழுத்துப் போட்டு அடிப்பாங்க" என்று சொல்லி, வக்கீலுக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இரண்டாவது வண்டி திண்டிவனத்தில், வேலையை விட்டு ஊருக்குப் போகிற ஒரு பெரிய அதிகாரியுடையது. கறுப்பு நிறம், முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. இதில் போய் இறங்கினால் அப்பாண்டை நயினார் அன்றைக்கே தாலி எடுத்துக் கொடுத்துவிடுவார். அம்மாவும் உள்ளே ஏறி உட்கார்ந்து, மெத்தையைத் தடவித் தடவிப் பார்த்து, "எவ்ளோ வழுவழுன்னு இருக்குது! இன்னா துணிடா இது?" என்று கேட்டாள்.

"துணி இல்லம்மா, தோலு. அசல் மாட்டுத் தோலு" என்றேன் பெருமையாக.

அம்மா இறங்கிய வேகத்தில் கதவு அதிகாரியின் முழங்காலில் இடித்தது. அடுத்த நிமிஷம் அவருடைய கிணற்றங்கரையில், புடவையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஈர உடையிலேயே செஞ்சி வரைக்கும் பஸ்ஸில் வந்தாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

மூன்றாவது வண்டி விழுப்புரத்தில் ஒரு அரிசி ஆலைக்காரரிடம் இருந்தது. பச்சைப் பெயிண்ட், மரத்தில் கட்டிய உடம்பு. உள்ளே கெட்டித் துணி தைத்த மெத்தை. மேலே கூரை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, சட்டை மாட்டக் கொக்கி, தண்ணீர்ச் செம்பு வைக்க வளையம், பின்னால் ஒரு உபரிச் சக்கரம், போதாததற்கு இரண்டு ஹாரன். ஒன்று ரப்பர் உருண்டை வைத்து அமுக்குவது, இன்னொன்று காலால் மிதிப்பது. அத்தை செம்பு வளையத்தைப் பார்த்ததுமே அந்த வண்டிக்கு வாக்கப்பட்டுவிட்டாள். முன்னால் இருந்த பெரிய விளக்குகளைப் பார்த்துத்தான் அம்மா யோசித்தாள். "ராத்திரில இத ஏத்தினா விட்டில்பூச்சி வந்து வுழுந்து சாவும். ஏத்தவே கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். "நமக்குத்தான் ராத்திரியில வேலையே இல்லியே" என்று நைனா சமாதானம் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வண்டி பெட்ரோலை நம்பி இருக்கவில்லை. பின்னால் ஒரு பெரிய இரும்புப் பீப்பாய் கட்டியிருந்தார்கள். அதில் அடுப்புக் கரியைக் கொட்டி, அடியில் நெருப்பு வைத்து, பக்கத்தில் இருக்கிற விசிறியைக் கையால் சுற்றினால் காஸ் கிளம்பி, குழாய் வழியாகப் போய் எஞ்சினை ஓட்டும். அந்தக் காலத்தில் பஸ்களே அப்படித்தான் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் ஒரு கை பெட்ரோல் போதும்.

"வேகம் எப்பிடி?" என்று நைனா கேட்டார்.

"வேகமே கெடையாதுங்க" என்றார் ஆலைக்காரர். "நீங்களே தலகீழா நின்னாலும் போவாது. அப்புறம் எப்பிடிங்க எங்கயாச்சும் போய் இடிக்கும்?"

இதைவிடப் பத்திரம் வேறென்ன வேண்டும்! நான் சக்கரத்தை ஒரு உதை உதைத்து, எஞ்சின் மூடியைத் திறந்து, உள்ளே எதையோ முறைத்துப் பார்த்துவிட்டு, "வால்வு பிரமாதம்" என்றேன். வண்டி எங்களுடையது ஆயிற்று.

வண்டியோடு சவரிமுத்துவும் வந்தார். செஞ்சிக்குப் பக்கத்துக் கிறிஸ்தவக் கிராமத்துக்காரர். இரட்டை நாடி உடம்பு, கழுத்தில் சிலுவை. வண்டியைக் கிளப்பும்போது "சேசு மரி சூசை!" என்பார். கிளம்பாவிட்டாலும் அதையேதான் சொல்வார், குரலில் மட்டும் வித்தியாசம் இருக்கும். வாய் வீச்சில் எனக்கு அண்ணன். "பெட்ரோலு வண்டி வெறி புடிச்ச ஜாதி தம்பி. கரி வண்டிதான் சாது. பசு மாதிரி" என்பார். அவரும் நானும் சேர்ந்து நின்று வண்டியைப் பற்றிப் பேசினால் கேட்க நாலு பேர் கூடிவிடுவார்கள்.

இனிமேல்தான் எங்கள் வீட்டுச் சமாசாரம் வருகிறது. எங்கள் சமையலறையில் விறகை அப்படியே அடுப்பில் வைத்துவிட முடியாது. ஒவ்வொரு கட்டையையும் தட்டி, உதறி, துடைப்பத்தால் மெதுவாகத் தள்ளி, அதில் இருக்கிற எறும்பு, கரையான், பூச்சி எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்ட பிறகுதான் வைப்பார்கள். நெருப்பில் ஒரு உயிர் போய்விடக் கூடாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் புழங்குவார்கள். சமையல் அடுப்புக்கே இந்தப் பாடு என்றால், பீப்பாய் பீப்பாயாகக் கரி தின்கிற காருக்கு?

வண்டி வந்த அன்றே அம்மாவும் அத்தையும் கரி மூட்டையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு துண்டாக எடுத்துத் துடைத்து வைத்தார்கள். வண்டி மண்டி வரைக்கும் போய்வர வேண்டுமென்றால், காலை சாப்பாடு முடிந்ததிலிருந்து ஆரம்பித்தால்தான் மத்தியானம் கிளம்பலாம். "இதுக்கு நடந்தே போயிட்டு வந்துருவேன்" என்று நைனா முணுமுணுத்தார். ஆனாலும் வண்டி நன்றாகவே ஓடியது. கோட்டை மதில் ஓரமாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். எதிரில் வந்த ஆடு மாடெல்லாம் நிதானமாக ஒதுங்கி, எங்களுக்கு வழிவிட்டன.

நைனா மேல்சித்தாமூருக்குச் சேதி அனுப்பினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு எங்கள் சொந்த மோட்டாரில் வருகிறோம், வண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள், மனசுக்குப் பிடித்தால் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வோம் என்று. சாயங்காலம் விருந்து, வந்துவிடுங்கள் என்று பதில் வந்தது. சாயங்காலம் என்றால் பொழுது சாய்வதற்கு முன்னால். எங்களில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. விளக்கு வைத்த பிறகு வாயில் எது போட்டாலும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு உயிரும் கூடவே போய்விடும் என்பது முறை. கண்டிப்பான வீடுகளில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. அப்பாண்டை நயினார் வீடு கண்டிப்பிலும் கண்டிப்பு.

அது ஐப்பசி மாசம். முந்தின நாள் பெய்த மழையில் கரி மூட்டையில் எறும்பு சாரி சாரியாக ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூட்டையைப் பிரித்த அத்தை, "அடி ஆத்தே! ஒரு ஊரே குடியிருக்குதுடி" என்று கூவினாள். துடைக்கத் துடைக்கத் தீரவில்லை. கரித் துண்டுகளில் இருக்கிற பொந்துகளுக்குள் எல்லாம் எறும்பு.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். "நேமி, இந்தக் கரிய ஒரு அலசு அலசிட்டா எறும்பெல்லாம் மெதந்து மேல வந்துரும். முறத்துல ஏந்திக் கொண்டு போய் மரத்தடில வுட்டுருவேன். ஒரு உசுரு போவாது. கரியக் கழுவலாமாடா? வண்டிக்கு ஒண்ணும் ஆவாதே?"

சவரிமுத்து ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போயிருந்தார். நைனா பழம் வாங்கப் போயிருந்தார். வீட்டில் இருந்த மோட்டார் நிபுணன் நான் ஒருவன்தான். நான் சட்டைக்குக் கஞ்சி போதுமா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "தாராளமா கழுவும்மா. கரி சுத்தமா இருந்தாத்தான் காஸ் சுத்தமா வரும்" என்றேன்.

கழுவினார்கள். சாதாரணமாகவா? வடிகட்டின தண்ணீரில், இரண்டு தடவை. எறும்புகளை ஒன்று விடாமல் வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டார்கள். கரியைப் பாயில் பரப்பி வைத்தார்கள். வானம் மூடிக்கொண்டு வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரமாயிற்று என்று அப்படியே அள்ளிப் பீப்பாயில் போட்டுவிட்டோம். அடியில் மட்டும் வீட்டு அடுப்பிலிருந்து உலர்ந்த கரி கொஞ்சம் இருந்தது. சவரிமுத்து வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "கரி இன்னா பளபளங்குது! ஒசத்தியான சரக்கு போலருக்கே" என்று மெச்சினார்.

நைனா ஜரிகை அங்கவஸ்திரம், அம்மாவும் அத்தையும் பட்டு, நான் கஞ்சி போட்ட சட்டை, மடியில் பழத்தட்டு. தெருவே வந்து நின்று பார்த்தது. "சேசு மரி சூசை!" என்றார் சவரிமுத்து. பெட்ரோலில் வண்டி ஜம்மென்று கிளம்பியது. ஊர் எல்லை தாண்டி, திண்டிவனம் ரோட்டில் ஏறி, கரி காஸுக்கு மாற்றினார். அடியில் இருந்த உலர்ந்த கரி தீரும் வரைக்கும் ஓடியது. அப்புறம் வண்டி இருமியது. இருமி, தும்மி, ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பின்னாலிருந்து வெள்ளை வெளேரென்று ஆவி கிளம்பி எங்களை மூடிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தையையே காணோம். குரல் மட்டும்தான் வந்தது.

"இன்னாடா இது, இட்லிப் பானையாட்டம்?"

சவரிமுத்து இறங்கிப் பீப்பாயைத் திறந்தார். முகத்தில் ஆவி அடித்தது. உள்ளே கையை விட்டு ஒரு கரித் துண்டை எடுத்துப் பிழிந்தார். பிழிந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீர் சொட்டியது. அவர் என்னைப் பார்த்தார். நான் பழத்தட்டைப் பார்த்தேன்.

"காத்தடிச்சா காஞ்சுரும்" என்று அவரே ஒரு தீர்ப்பும் சொன்னார். ஆகவே விசிறியைச் சுற்றினேன். கஞ்சி போட்ட சட்டை கசங்கி, வேர்த்து, கரியாகி, என் சட்டை என்று நானே அடையாளம் சொல்ல முடியாமல் போனது. வண்டி கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும். நான் இறங்கிச் சுற்றுவேன். மறுபடி ஓடும். வல்லத்துக்கு முன்னால் ஒரு ஏற்றத்தில் அதுவும் முடியாமல் போக, நைனா ஜரிகை அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தள்ளினார். அம்மா வண்டியைப் பார்க்கவே இல்லை. மேற்கே ராஜகிரி மலைப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்த சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க நமக்காக எலை போடாம காத்துட்டிருப்பாங்களே" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விருந்தாளி வராமல் விருந்து வைக்கிறவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள்? நாங்கள் பொழுதுக்குள் போகாவிட்டால், பந்துக்களையெல்லாம் கூட்டி வைத்திருக்கிற அந்த வீடு மொத்தமும் மறுநாள் காலை வரை பட்டினி. ஒரு வீட்டையே பட்டினி போட்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

அந்தச் சமயத்தில் மல்லாட்டை மூட்டையை இறக்கிவிட்டுக் காலி மாட்டு வண்டியோடு வந்த ஒருவர் நைனாவை அடையாளம் கண்டு நிறுத்தினார். "இன்னா நயினாரே, மோட்டாருக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று விசாரித்தார். வேறு வழியில்லை. அவருடைய மாடுகளை அவிழ்த்துக் காருக்கு முன்னால் கயிறு போட்டுக் கட்டினோம். அவர் சாட்டையை எடுத்தார்.

"அடிக்கக் கூடாது" என்றாள் அம்மா.

"அடிக்காம எப்பிடிம்மா?"

"அதுங்களா நடக்கட்டும். நாமளும் ஏறிக் குந்தக் கூடாது, பாவம், இரும்ப இழுக்கறதே பெரிசு."

அதுகளாக நடந்தன. சவரிமுத்து மட்டும் உள்ளே உட்கார்ந்து திருப்ப, சகல வசதிகளும் கொண்ட எங்கள் குடும்ப வண்டிக்குப் பின்னால் குடும்பமே நடந்தது. ஊர் எல்லைக்கு வந்ததும் அத்தை நின்றுவிட்டாள். "சம்பந்தி வீட்டுக்கு நடந்தா போறது? மானம் போவுது. ஊருக்குள்ள மட்டுமாச்சும் ஏறிக்குவோம்." அவ்வளவு நேரம் வராத ரோஷம் எனக்கும் வந்துவிட்டது. ஏறினோம். சூரியன் இன்னும் பனைமர உயரத்தில் இருந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

தெரு முனை திரும்பியதும் அப்பாண்டை நயினார் வீட்டு வாசல் தெரிந்தது. வாசல் நிறைய ஜனம். சவரிமுத்துவுக்கும் ஒரு மானம் இருக்கிறதே! மாடு இழுத்து வந்தது என்று இருக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, எஞ்சினுக்கு ஒரு முயற்சி செய்தார். அவ்வளவு நேரமாக உள்ளே கனன்றுகொண்டிருந்த நெருப்பில் கரி முழுக்கக் காய்ந்திருந்தது. வெடி போட்டது மாதிரி ஒரு சத்தம். எஞ்சின் உயிரோடு எழுந்தது. மாடுகள் வாலைத் தூக்கிக்கொண்டு பறந்தன. எங்கள் வண்டி, அதன் வாழ்நாளில் முதல் தடவையாக, வேகம் என்றால் என்னவென்று பார்த்தது.

மாமனார் வீட்டைக் கடந்து போனோம். வாசலில் அவர் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். மரியாதை தவறக் கூடாதே என்று நான் ஜன்னல் வழியாக எட்டி, இரண்டு கையையும் கூப்பி, "வணக்கமுங்க!" என்றேன். அவரும் பழக்க தோஷத்தில் கிண்ணத்தோடு கை கூப்பினார். அதற்குள் நாங்கள் அடுத்த தெருவில் இருந்தோம். சவரிமுத்து காலால் மிதிக்கும் ஹாரனைப் பிரேக் என்று நினைத்து மிதித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஊர்க் கோடியில் ஒரு வைக்கோல் போரைப் பார்த்து மாடுகள் தாமாக நின்றன. வண்டி வைக்கோலுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த விஷயத்தில் ஆலைக்காரர் சொன்னது சரிதான்.

தலையில் வைக்கோலோடு இறங்கி, சிந்தின பழங்களைப் பொறுக்கிக்கொண்டு, அந்த வீட்டுக்குத் திரும்பி நடந்து வந்தோம். வாசலை மிதிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

உள்ளே முப்பது நாற்பது பேர். வரிசையாக இலை. கூட்டு, பொரியல், வடை, பாயசம். யாரும் தொடவில்லை, இனித் தொடவும் முடியாது. மறுநாளைக்கு வைத்துச் சாப்பிடுகிற வழக்கமும் எங்களில் கிடையாது. குழந்தைகளுக்கு மட்டும் முன்னாலேயே போட்டிருந்தார்கள். பெரியவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு, மருதேவி திண்டிவனத்துக்குத்தான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

"சமைச்சது வீணாவக் கூடாது" என்றார் அப்பாண்டை நயினார் கடைசியில். "நம்ம முறை இல்லாதவங்க யாராச்சும் இருந்தா குந்துங்க."

மாட்டுக்காரர் மாடுகளை அவிழ்க்க வைக்கோல் போருக்குப் போயிருந்தார். சவரிமுத்து இருந்தார். கை கழுவிக்கொண்டு வந்து நடு இலையில் உட்கார்ந்தார். வயிறு காய்ந்த நாற்பது ஜைனர்கள் நின்று பார்க்க, ஒரே ஒரு மனுஷர் சாப்பிட்டார். வடையைக் கடிக்கிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. இரண்டாம் தடவை கூட்டு கேட்டார். மூன்றாம் தடவை பாயசம் கேட்டார். குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டி, ரொம்ப யோசனையாக, "பாயசம் பரவால்ல. ஏலக்காதான் ஒரு பொட்டு தூக்கல்" என்றார்.

அடுக்களைப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்க முயற்சி செய்து முடியாமல் பொங்கி வருகிற சிரிப்பு. மருதேவிதான். (பாயசம் அவள் வைத்தது.) அது மற்றப் பெண்களுக்குத் தொற்றி, ஆண்கள் பக்கம் வந்து, கடைசியில் நைனாவே சிரித்துவிட்டார். அப்பாண்டை நயினார் மட்டும் சிரிக்கவில்லை.

"பத்திரமான வண்டின்னு சொல்லி அனுப்பினீங்க" என்றார். "இன்னா ஆச்சு அதுக்கு?"

நான் வாயைத் திறந்தேன். வால்வு என்று சொல்லத்தான் போனேன். அம்மா முந்திக்கொண்டாள். "வண்டி மேல தப்பில்லீங்க. கரில எறும்பா இருந்துச்சு. நெருப்புல வெந்துருமேன்னு நாந்தான் கழுவிட்டேன். ஈரம் காயல."

"கரியக் கழுவினீங்களா?" என்றார் அவர். "எறும்புக்காகவா?"

"பின்ன?"

"வடிகட்டின தண்ணியிலயா?"

"வடிகட்டாம எப்பிடிங்க கழுவறது?" அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

அவர் அம்மாவின் கரி படிந்த கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரம் கோணல் கையோடு நின்றிருந்த பெரிய மகளைத் திரும்பிப் பார்த்தார். "மோட்டார் கெடக்குது, எறும்புக்கே இவ்ளோ பாக்கற அம்மா கிட்ட எம்பொண்ணு பத்திரமா இருப்பா. தட்ட எடுத்துக்கிட்டு வாங்கம்மா" என்றார். வைக்கோல் ஒட்டின பழங்களோடு, பட்டினி வயிற்றோடு, தட்டு மாற்றிக்கொண்டார்கள். எனக்கு மறுபடியும் அழுகை வந்தது. அது வேறு அழுகை.

கரி வண்டியை அடுத்த மாசமே விற்றுவிட்டோம். வாங்கினவர் சக்கரத்தை ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குது" என்றார். நான் வாயே திறக்கவில்லை.

ஆனால் மேல்சித்தாமூரில் அன்றைக்குப் பட்டினி கிடந்தவர்கள் அதை மறக்கவில்லை. செஞ்சி மாப்பிள்ளை வருகிறார் என்று சேதி போனால் போதும், அந்த வீட்டில் முதல் காரியமாக எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவார்கள். மாமனார் காலத்தில் ஆரம்பித்தது, மச்சான்கள் காலம் போய், இப்போது அவர்கள் பேரன்கள் காலத்திலும் நடக்கிறது. இப்போது மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. போன மாசம் ஒரு விசேஷத்துக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். நான் வீம்புக்கென்றே மருதேவியோடு காலை ஏழு மணிக்கே கிளம்பி, ஒன்பது மணிக்கெல்லாம் போய் வாசலில் நின்றேன். உள்ளே பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க தாத்தா, நீங்க வர்றீங்கன்னு சொன்னாங்க, அதான்..." என்று இழுத்தான் பேரன்களில் ஒருவன்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பாத்தியா உங்க வீட்டு லட்சணத்த! வா, நாம ரெண்டு பேரும் சாப்பிடாமலே திரும்பிப் போயிருவோம்" என்று மருதேவியிடம் சொன்னேன்.

"நீங்க வேணா போங்க" என்றாள் அவள். "உங்களோட வர்றதாச்சேன்னு நான் வீட்டுலயே சாப்பிட்டுட்டுத்தான் கெளம்பினேன்."